காந்தமும் கத்தரிக்காயும்

எங்கள் வீட்டு அரிவாள்மணைக்கு என்னைவிட வயது அதிகம். அம்மாவின் கல்யாணச் சீரில் வந்தது. இத்தனை வருஷமாக ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி அதன்மேல் உட்கார்ந்து அம்மா நறுக்கிய வாழைக்காய்களை வரிசையாக அடுக்கினால், திருச்சியிலிருந்து சமயபுரம் வரை போய்த் திரும்பி வரலாம்.

போன வருஷம் அதற்கு ஆபத்து வந்தது. முழங்கால் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே தரையில உட்காரவே கூடாதும்மா" என்று சொல்லிவிட்டார்.

"அப்போ காய் எப்படி நறுக்குறது?"

"நின்னுக்கிட்டே கத்தியால நறுக்குங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். கத்தி என்பது ஆப்பிளுக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் மட்டுமே என்பது அவள் சித்தாந்தம். ஆனாலும் தலையாட்டினாள்.

கத்தி வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். எவர்சில்வரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அப்பா விட்டுப்போன ஒரே ஒரு சொத்துதான்: "காந்தம் ஒட்டினா மட்டம், ஒட்டலேன்னா ஒசத்தி." பாத்திரக்கடைக்குப் போகும்போதெல்லாம் அப்பா சட்டைப்பையில் ஒரு காந்தத் துண்டோடுதான் போவார். நானும் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த மிக்கி மவுஸைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பினேன்.

கடைக்கார அண்ணாச்சி முதலில் ஒரு கத்தியை நீட்டினார். 150 ரூபாய். மிக்கி மவுஸ் பாய்ந்துபோய் ஒட்டிக்கொண்டது. "என்ன அண்ணாச்சி, இரும்பைத் தலையில கட்டப் பாக்குறீங்களே?" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் இன்னொன்றை எடுத்தார். 90 ரூபாய், பளபளவென்று முகம் தெரிந்தது. மிக்கி வழுக்கி விழுந்தது. ஒட்டவில்லை! 60 ரூபாய் லாபம், தரமும் ஒசத்தி. அன்று நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கத்தரிக்காய் ஒழுங்காக நறுங்கியது. இரண்டாவது வாரம் வெண்டைக்காய் முரண்டு பிடித்தது. மூன்றாவது வாரம் தக்காளியை நறுக்கச் சொன்னால் ரசத்துக்குக் கரைத்துக் கொடுத்தது. "உங்க ஒசத்திக் கத்தி பிரமாதம். மிக்ஸி மிச்சம்" என்றாள் மனைவி.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்த அரிவாள்மணை தரையில் இருந்தது. அதன்மேல் அம்மா. பீன்ஸை முடித்துவிட்டு, ஒரு கையால் மேடையையும் இன்னொரு கையால் சிலிண்டரையும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. பி.காம். படித்தும் சில கணக்குகளைப் பார்க்க மனசு வருவதில்லை.

அந்த வாரமே தெருவில் சாணை பிடிக்கிறவர் சைக்கிளில் வந்தார். ஓடிப்போய்க் கத்தியை நீட்டினேன். கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது கரண்டி சார்."

"என்னது?"

"கரண்டி செய்யற தகடு. கத்தி மாதிரி வெட்டிப் பிடி போட்டிருக்காங்க. சாணை வெச்சா இன்னிக்கு வெட்டும். ஞாயித்துக்கிழமை மறுபடி என்னைத் தேடுவீங்க. எதுக்கு சார் காசு தண்டம்?"

காசு வேண்டாம் என்று சொன்ன தொழிலாளி! அவர் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். அப்பா மன்னிக்கட்டும். அவர் காந்த சாஸ்திரம் கத்தி விஷயத்தில் தலைகீழ்!

எவர்சில்வர் என்பது ஒரே ஜாதி இல்லை. பொதுவாகச் சொன்னால், 10.5 சதவிகிதமாவது குரோமியம் சேர்ந்த இரும்புக்கு அந்தப் பெயர். நல்ல பாத்திரத்துக்கு 304 என்ற ரகம். 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் நிக்கல். அது சுலபத்தில் துருப்பிடிக்காது, காந்தமும் ஒட்டாது. ஆனால் நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் அது கெட்டிப்படாது. குழம்பு வைக்கத் தோது, வெட்ட ஆகாது.

கத்திக்கு வேண்டியது கார்பன் கூடின வேறு ரகம். சுமார் 1,000 டிகிரிக்குச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தால் கெட்டிப்படும். அப்படிக் கெட்டிப்பட்ட உருக்கில் காந்தம் ஒட்டியே தீரும். ஆக, எவர்சில்வர் கத்தியில் காந்தம் ஒட்டவில்லையென்றால் வாங்காதீர்கள். நான் அண்ணாச்சியிடம் எதை வேண்டாம் என்றேனோ, அதுதான் கத்தி. எதை வாங்கினேனோ, அது கரண்டி.

பாத்திரத்துக்காவது அப்பா சாஸ்திரம் பலிக்குமா என்றால், அதுவும் பாதிதான். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அப்பா எத்தனை குடம் அப்படி வாங்கினாரோ!

இந்தச் சமாசாரத்தில் தடுமாறியது நான் மட்டும் இல்லை என்பது ஓர் ஆறுதல். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊரில் 1913-ல் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு உருக்கு தேடப்போய், துருப்பிடிக்காத உருக்கைக் கண்டார். கத்தி செய்யலாம் என்று அவர் சொல்ல, ஊர்க்காரர்களுக்கு அதைப் பதமாகக் காய்ச்சத் தெரியாமல், 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று அவரைக் கிண்டல் செய்தார்களாம். எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்த அதே பட்டம்!

'காந்தம் ஒட்டுகிறது, வாங்கிவிடலாமா?' என்று கிளம்பாதீர்கள். காந்தம் நுழைவுத் தேர்வு மட்டுமே. கெட்டிப்படுத்தாத மட்டமான தகட்டிலும் அது ஒட்டும். மேற்கொண்டு பார்க்க வேண்டியவை:

ஒன்று, கத்தியில் என்ன எழுதியிருக்கிறது? 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் இருந்தால், மாப்பிள்ளை 'கம்பெனியில் வேலை' என்கிற மாதிரி. எந்தக் கம்பெனி, என்ன வேலை? 'சர்ஜிகல் ஸ்டீல்' என்பதும் அப்படித்தான். கத்தியின் அலகில் '304', '18/8' என்று பெருமையாகப் போட்டிருந்தால் கும்பிட்டு நகருங்கள். 420 என்றால் சிக்கன ரகம், 'பொழைச்சுப் போகட்டும்' எனலாம். ஜெர்மன் கத்திகளில் 'எக்ஸ்50சிஆர்எம்ஓவி15' என்று லாரி நம்பர் மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள். அந்த 50 என்பது அரை சதவிகிதம் கார்பன், 15 என்பது 15 சதவிகிதம் குரோமியம். 420-ஐ விட அதிக நாள் முனை தாங்கும்.

இரண்டு, முனையை லேசாக வளைத்து விடுங்கள். நிமிர்ந்துகொண்டால் பதம் ஏறியிருக்கிறது. வளைந்தபடியே நின்றால் சரணாகதி அடைந்த உலோகம்.

மூன்று, அரம். பிடிக்குப் பக்கத்துக் கோடியில் சின்ன அரத்தால் ஒரு இழுப்பு. வழுக்கினால் கெட்டி, கடித்தால் மெத்து. தயவுசெய்து வீட்டில் செய்யுங்கள். கடையில் அரத்தை எடுத்தால் அண்ணாச்சி அரிவாளை எடுப்பார்.

நான்கு, ரம்பப் பல் வைத்த கத்தியில் ஏமாறாதீர்கள். உருக்கு மட்டமாக இருந்தாலும் பல் கொஞ்ச நாள் மானத்தைக் காப்பாற்றும். பல் மழுங்கினால் வீட்டில் தீட்டுவது பெரும்பாடு.

ஐந்து, ஒரு புள்ளி துருவைப் பார்த்து அலறாதீர்கள். கார்பன் கூடினால் கெட்டி கூடும், துரு தாங்கும் சக்தி கொஞ்சம் குறையும். ஒரு பக்கம் டெபிட், ஒரு பக்கம் கிரெடிட். புளி, எலுமிச்சை, உப்பு பட்டால் உடனே கழுவித் துடைத்துவிட்டால் போதும்.

பழைய கடைக்கே போனேன். அண்ணாச்சிக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. "காந்தம் கொண்டாந்தீங்களா சார்?"

"கொண்டாந்திருக்கேன். ஒட்டணும்."

"போன தடவை ஒட்டக் கூடாதுன்னீங்க?"

"அது... போன தடவை."

"அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீங்க படிச்சவங்க மாதிரி பேசினீங்க, அதான் சும்மா இருந்துட்டேன்."

அதே கத்தி. இப்போது 170 ரூபாய்! இருபது ரூபாயைக் கல்விக் கட்டணம் என்று எழுதிக்கொண்டேன்.

கூடவே ஒரு மரப்பலகையும் வாங்கினேன். பாதிக் குற்றம் கத்தி மேல் இல்லை. கிரானைட் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து 'டொக் டொக்'கென்று நறுக்கினால் எந்த ராஜா வீட்டு வாளும் மழுங்கும். லேசாக மழுங்கினால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் சொரசொரவென்று இருக்கும் வளையத்தில் கத்தியைச் சாய்த்து நாலு தீட்டு தீட்டுங்கள். மிஷின் சக்கரத்தில் தீப்பொறி பறக்க, முனை நீலம் பாய விட்டுவிடாதீர்கள். ஏறின பதம் அத்தோடு இறங்கிவிடும்.

மறுநாள் அம்மா மேடையருகே நின்றபடி கத்தரிக்காய் நறுக்கினாள். மாமூல்படி தண்ணீரில் போட்டாள். ஒரு தக்காளியையும் எடுத்து வில்லை போட்டுப் பார்த்தாள். வில்லைக்கு அந்தப் பக்கம் ஜன்னல் தெரிந்தது.

"பரவாயில்லடா, வெட்டுது" என்றாள். எங்கள் அம்மாவின் அகராதியில் அது பத்மஸ்ரீ.

நான் காலரைத் தூக்கிவிடுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது: "அது சரி, தேங்காயை எதுல துருவுவே?"

அரிவாள்மணையின் மூக்கில் பல் வைத்த துருவி இருப்பதை நான் மறந்தே போனேன். கத்திக்குத் துருவத் தெரியாது!

அதனால் இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் தேங்காய்த் துருவல் என் இலாகா. காலையில் அரிவாள்மணைமேல் ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி உட்காருகிறேன். அம்மா நின்றபடி மேற்பார்வை. "ஓட்டோட சேத்துத் துருவாதேடா!"

எழுந்திருக்கும்போது என் முழங்காலும் லேசாகச் சத்தம் போடுகிறது. அதில் காந்தம் வைத்துப் பார்க்கவில்லை.