நாள்பட்ட முதுகுவலிக்கு ரேடியோ அலை வெப்பச் சிகிச்சை: ஒப்புக்கொள்ளும் முன் அறிய வேண்டியவை

நாற்று நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுவதும் குனிந்து நிற்போர், கல்குவாரிகளில் சுமை தூக்குவோர், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளில் வலை இழுப்போர் எனப் புதுக்கோட்டை மாவட்டத்தில் உடலுழைப்பை நம்பி வாழும் குடும்பங்கள் பல. இவர்களுக்கு இடுப்புவலி என்பது கூலியையும் சேர்த்துப் பறிக்கும் நோய். மாத்திரைகள் பலன் தராதபோது, ‘நரம்பைச் சுட்டு வலியை நிறுத்தும்’ சிகிச்சை சிலருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. மருத்துவமனைகளில் இதனை ஆர்.எஃப்.ஏ. என்று சுருக்கமாகக் கூறுவர். ஆனால், முதுகுத்தண்டு சார்ந்த நாள்பட்ட வலிக்கு இச்சிகிச்சை வேண்டாம் என, 2025 பிப்ரவரியில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் அறிவுறுத்தியது. இம்முரண்பாட்டை நோயாளிகள் எவ்வாறு புரிந்துகொள்வது?

சிகிச்சை செயல்படும் முறை

முதுகெலும்பின் பின்புறம் சிறு மூட்டுகள் இணை இணையாக அமைந்துள்ளன. அம்மூட்டுகளின் வலியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நுண்ணிய நரம்புக் கிளைகளின் அருகே, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மருத்துவர் ஊசியைச் செலுத்துகிறார். ரேடியோ அலை மின்சாரத்தால் ஊசிமுனையைச் சுற்றியுள்ள திசு ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வரை ஒரு நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலான நேரம் சூடாக்கப்படுகிறது. நரம்புக் கிளை செயலிழக்க, வலிச் செய்தி தடைபடுகிறது. புற்றுநோய்க்கு அளிக்கப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இச்சிகிச்சை மூட்டுத் தேய்மானத்தைச் சரிசெய்வதில்லை. நரம்புக் கிளை காலப்போக்கில் மீண்டும் வளரும். ஆகவே பலன் கிடைத்தாலும் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையே நீடிக்கும்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

நெதர்லாந்தில் 681 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களும், உடற்பயிற்சியுடன் இச்சிகிச்சையையும் பெற்றவர்களும் ஒப்பிடப்பட்டனர். இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2025 வழிகாட்டுதலும் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்தே தன் முடிவை எட்டியது. அவ்வழிகாட்டுதல் புற்றுநோய் சார்ந்த முதுகுவலிக்கோ, மூட்டழற்சி நோய்களால் வரும் முதுகுவலிக்கோ பொருந்தாது.

வலி மருத்துவர்கள் பலர் இதனை மறுக்கின்றனர். நோயாளிகளைச் சரியாகத் தேர்ந்தெடுக்காத ஆய்வுகளில் பலன் குறைவாகத் தெரிவது இயல்பே என்பது அவர்கள் வாதம். இங்கிலாந்தின் தேசியச் சுகாதார வழிகாட்டு நிறுவனம் 2016-இல் இடைப்பட்ட நிலையை எடுத்தது: பிற சிகிச்சைகள் பலனளிக்காமல், வலி பத்துக்கு ஐந்து அல்லது அதற்கு மேலிருந்து, சோதனை ஊசியில் வலி குறைந்தவர்களுக்கு மட்டுமே இதனைப் பரிசீலிக்கலாம் என்றது.

இரு தரப்பும் உடன்படும் செய்தி ஒன்று உண்டு: எல்லா முதுகுவலிக்கும் இது தீர்வன்று. எனவே சோதனை ஊசியே முதன்மையான படி.

சோதனை ஊசி ஏன் தேவை?

நடுவயதைக் கடந்தவர்களின் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களில் ‘தேய்மானம்’ காணப்படுவது இயல்பு. வலியே இல்லாதவர்களிடமும் அது காணப்படும். ஆகையால், படத்தை மட்டும் வைத்து வலியின் இடத்தை உறுதிசெய்ய இயலாது. சந்தேகிக்கப்படும் நரம்புக் கிளைக்கு அருகில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினால், சில மணி நேரத்திற்கு வலி தெளிவாகக் குறைய வேண்டும். அந்நேரத்தில் நோயாளி நடந்தும், குனிந்து நிமிர்ந்தும் பார்க்க, உடனிருப்பவர் வலியின் அளவைக் குறித்துவைப்பது நலம். வலி குறையவில்லையெனில், அந்நரம்பைச் சுடுவதால் பயன் எதிர்பார்க்க முடியாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. என் வலி எந்த மூட்டிலிருந்து வருகிறது? சோதனை ஊசி போடப்படுமா?
2. உடற்பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை ஆகியவற்றைப் போதுமான காலம் செய்துவிட்டேனா?
3. வலி குறையும் மாதங்களில் நான் எந்தப் பயிற்சியைத் தொடர வேண்டும்?
4. மொத்தச் செலவு எவ்வளவு? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை அடங்குமா? (சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறிக.)

பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவு நோயாளிகள் ஆகியோர் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. சிகிச்சைக்குப் பின் ஓரிரு வாரங்கள் ஊசியிட்ட இடத்தில் வலியோ எரிச்சலோ இருக்கலாம். தோல் மரத்துப்போதலும் சிலருக்கு ஏற்படும். கிருமித்தொற்று, இரத்தக்கசிவு ஆகியவை அரிது.

முதலில் செய்ய வேண்டியது

உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட இடுப்புவலி வழிகாட்டுதல், நோயைப் பற்றிய விளக்கம், முறையான உடற்பயிற்சி, மனநலச் சிகிச்சை ஆகியவற்றை முன்வைக்கிறது. இடுப்புப் பட்டை அணிவதையும், எடை தொங்கவிட்டு இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாக அளிக்க வேண்டாம் என்கிறது. நம் மக்கள் பலர் பணம் செலவழிப்பது இவ்விரண்டிற்கும்தான் என்பது கவனிக்கத்தக்கது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தேவையுடையோருக்கு இயன்முறைச் சிகிச்சை வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குப் பதிவு செய்யலாம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் அங்கிருந்தே பரிந்துரை பெற்று, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்: கால்கள் பலவீனமடைதல், சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், பிறப்புறுப்பைச் சுற்றி உணர்விழப்பு, காய்ச்சலுடன் கூடிய முதுகுவலி, கீழே விழுந்த பின் தோன்றும் கடும் வலி. காரணமின்றி உடல் எடை குறைந்து முதுகுவலியும் இருந்தால், தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.