இரட்டைக் குவளை குற்றம். இரட்டைத் தொட்டி மட்டும் நலத்திட்டமா?

2022 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களுக்குக் குடிநீர் வழங்கிவந்த மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பின்னரே தொட்டியைத் திறந்து பார்க்க நேர்ந்தது. வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையத்தை உயர் நீதிமன்றம் அமைத்தது; மரபணுச் சோதனைகளும் நடந்தன. ஈராண்டுகள் கடந்து, 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித் ஆண்களையே குற்றஞ்சாட்டியது. ஊராட்சித் தலைவரின் கணவர் மீதான பகையே காரணம் என்றது. வேங்கைவயல் மக்கள் அதனை ஏற்க மறுத்தனர்.

குற்றப்பத்திரிகை என்பது புலனாய்வு அமைப்பின் கூற்று, தீர்ப்பு அன்று. அதன் மெய்பொய்யை நீதிமன்றம் ஆராயட்டும். ஆனால், "மலத்தைக் கலந்த கை யாருடையது?" என்ற ஒற்றைக் கேள்வியோடு அரசு தன் கடமையை முடித்துக்கொள்வதை நாங்கள் ஏற்க இயலாது. ஒரு சாதியினர் மட்டுமே குடிக்கும் தொட்டி ஒன்று அங்கு ஏன் இருந்தது என்பதே எங்கள் கேள்வி.

செய்தி பரவிய மறுநாளே மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அவ்வூருக்குச் சென்றனர். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருப்பதும், அய்யனார் கோயிலுக்குள் தலித் மக்கள் அனுமதிக்கப்படாததும் அப்போது வெளிப்பட்டன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குகள் பதிவாயின. மக்கள் கோயிலுக்குள் அழைத்துச் செல்லப்பட்டனர். அந்நடவடிக்கையை வரவேற்கிறோம். ஆயினும் கடைக்காரர் தனிக் குவளை வைத்தால் அதைக் குற்றமென்று காணும் அரசு, தானே தனித் தொட்டி கட்டும்போது அதனை நலத்திட்டம் என்றே கணக்கில் எழுதுகிறது.

தனித் தொட்டி தலித் மக்களே கேட்டுப் பெற்றதுதானே என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. பல ஊர்களில் அது உண்மையே. ஊர்த்தெருவைத் தாண்டி வரும் குழாயில் காலனிக்குக் கடைசியாகத்தான் நீர் வருகிறது. கோடையில் அதுவும் வருவதில்லை. தகராறு மூண்டால் முதலில் அடைபடுவது காலனிக்குச் செல்லும் வால்வுதான். அந்நிலையில் அருகிலேயே ஒரு தொட்டி வேண்டுமென்று மக்கள் கேட்பது நியாயமானது. ஆனால் பாகுபாட்டை ஒழிக்கக் கடமைப்பட்ட அரசு, அதற்கு ஏற்றவாறு குழாய் பதித்துவிட்டு விலகிக்கொள்கிறது. ஊரார் எவரும் குடிக்காத தொட்டியில் எதைக் கலந்தாலும் ஊருக்குப் பாதிப்பில்லை. கலந்தவர் எவராயினும், இந்த வாய்ப்பை உருவாக்கியது அத்தொட்டியின் தனிமையே.

சட்டத்தின் போதாமையும் இங்குதான் வெளிப்படுகிறது. பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை மாசுபடுத்துவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின்படி குற்றம். ஆயின் குற்றஞ்சாட்டப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் அப்பிரிவு பொருந்தாது. அதனோடு சிறப்பு நீதிமன்றமும் பாதிக்கப்பட்டோருக்கான சிறப்புரிமைகளும் கைநழுவுகின்றன. ஆனால் அரசின் பொறுப்பு குற்றவாளியின் சாதியைச் சார்ந்ததன்று. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் உறுப்புக்கும், அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளங்களில் சாதியின் பெயரால் தடை கூடாதென்ற 15(2)ஆம் உறுப்புக்கும் அத்தகைய விதிவிலக்கு ஏதுமில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் குடிநீர் வழங்கலை ஊராட்சியின் கடமையாகவே வைத்திருக்கிறது.

1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அருந்தினார். அவ்வுரிமையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 ஆயிற்று. அங்கு கோரப்பட்டது எல்லோருக்குமான குளத்தில் சம உரிமை. தங்களுக்கென்று வேறொரு குளம் அன்று.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு, எத்தனை மணி நேரம் நீர் செல்கிறது என்ற விவரத்தை ஒவ்வோர் ஊராட்சியும் வெளியிட வேண்டும். காலனித் தொட்டியும் ஊர்த்தொட்டியும் ஒரே குழாய்வலையில் இணைக்கப்பட வேண்டும். அவ்வாறு இணைக்காத புதிய தொட்டிக்கு நிதி ஒதுக்கக் கூடாது. ஜல் ஜீவன் திட்டத்தில் நீரைப் பரிசோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளிக்க வழிசெய்யப்பட்டுள்ளது. அவர்களுள் காலனிப் பெண்கள் கட்டாயம் இடம்பெற வேண்டும். பரிசோதனை முடிவுகளை உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 கிராம சபையில் பொதுவில் படிக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் வேங்கைவயல் வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.