பெயர் யாருக்குச் சொந்தம்?

மூன்று வருடங்களுக்கு முன் என் ராத்தா ஒரு சிறிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாம் வாரமே, "நமக்கும் ஒரு இணையத்தளம் வேணும், செய்து தாங்க மகள்" என்றார் முதலாளி. ராத்தா தன் மின்னஞ்சலைக் கொடுத்து, தன் வங்கி அட்டையால் காசு கட்டி, நிறுவனத்தின் பெயரில் ஒரு டொமெய்னைப் பதிந்தார். கட்டிய காசைக் கேட்க வெட்கப்பட்டு அப்படியே விட்டுவிட்டார்.

போன வருடம் வேலையை விட்டபோது கடைசி மாதச் சம்பளம் வரவில்லை. அழைப்புத்தான் வந்தது: "எங்கட டொமெய்னைத் தாங்க."

"சம்பளம் வந்த பிறகு குடுங்க ராத்தா" என்றேன் நான். அன்று எனக்கு அது நியாயமாகவே பட்டது. இன்று அப்படி நினைக்கவில்லை.

டொமெய்ன் காணியைப் போல ஒரேயடியாக வாங்கும் பொருளல்ல. காலத்துக்குக் காலம் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டியது. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவர் கையில்தான் சாவி. பிணக்கு பிறப்பதும் அங்கேதான்.

இது புதிய பிணக்குமல்ல. அமெரிக்காவின் எம்.டி.வி. தொலைக்காட்சியில் நிகழ்ச்சி வழங்கிய அடம் கறி, 1993இல் எம்.டி.வி. டொட் கொம் என்ற பெயரைத் தானே பதிந்து, சொந்தச் செலவில் நடத்தினார். நிறுவனம் அப்போது மறுப்புச் சொல்லவில்லை என்பது அவர் வாதம். 1994இல் அவர் விலகியதும் நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. 1995இல் சமரசத்தில் பெயர் நிறுவனத்திடம் போனது. பெரிய நிறுவனமே வாய்ப்பேச்சை நம்பி மாட்டிக்கொண்டதென்றால் சிறியவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

1999இல் ஐக்கான் அமைப்பு இத்தகைய பிணக்குகளுக்கு ஒரு நடைமுறையை வகுத்தது. ஆனால் அங்கே டொமெய்னை மாற்றிக் கொடுக்கவோ நீக்கவோ மட்டுமே முடியும். ஊழியரின் சம்பளத்தை அது வாங்கித் தராது.

என் கருத்து இதுதான். நிறுவனத்துக்காகப் பதிந்த பெயர் ஊழியர் கையில் இருக்கும் அமானிதம். அதைப் பணயமாக வைத்தால் நம் பக்க நியாயமும் கெட்டுவிடும். அதற்காக முதலாளி குற்றமற்றவர் ஆகிவிட மாட்டார். ஊழியரின் அட்டையில் காசை மிச்சம் பிடித்து, பொறுப்பையும் அவர் தலையில் சுமத்தியது யார்? முதல் நாளே நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலில், நிறுவனத்தின் காசில் பதிந்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

ராத்தா டொமெய்னை மாற்றிக் கொடுத்து, எழுத்தில் ஒப்பமும் வாங்கிக்கொண்டார். சம்பளத்துக்குத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்தார். இரண்டையும் அவர் ஒன்றோடொன்று முடிச்சுப் போடவில்லை.

தோழியரே, நாளை நாமும் வேலைக்குப் போவோம். "உங்கட பேர்ல போட்டு விடுங்க மகள்" என்று எவராவது சொன்னால், மரியாதையோடு ஒரு கடிதம் கேளுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்ல.