முதலிற் கேட்க வேண்டிய கேள்வி

மிதிவெடியில் ஒரு காலை இழந்த கமக்காரருக்கு எத்தகைய உதவி தேவை? இவ்வினாவுக்கான விடை எமக்குத் தெரியும் என்றே நாம் எண்ணியிருந்தோம். மீள்குடியேற்றத்தின் பின் அத்தகைய ஒருவருக்கு எமது திட்டமொன்றின் மூலம் சிறு பெட்டிக்கடை ஒன்றை அமைத்துக் கொடுத்தோம். இருந்த இடத்தில் இருந்தே உழைக்கலாம் என்பது எமது கணக்கு. ஆறு மாதங்களில் கடைத் தட்டுகள் வெறுமையாகின. அவரோ வாசலில் இருந்தபடி எதிரேயுள்ள மிளகாய்த் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்டோம். "கடை நல்லதுதான் பாதர். ஆனால் எனக்கு என்ன வேணுமெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். பிழை எம்முடையதே.

அப்பிழையை எமக்கு விளங்கவைத்தது தொழில்வழிச் சிகிச்சை என்னும் துறையாகும். பெயரைக் கேட்டதும் வேலை தேடிக் கொடுப்பது அல்லது கைத்தொழில் பழக்குவது என்று பலர் நினைக்கின்றனர். இங்கு தொழில் என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலை மாத்திரமன்று. குளிப்பது, உடுப்பது, சமைப்பது, பிள்ளையைத் தூக்குவது, தோட்டம் செய்வது, அயலவரோடு பின்னேரத்தில் இருந்து கதைப்பது என ஒருவருடைய நாளை நிரப்பும் யாவும் தொழிலே. இவற்றைச் செய்வதன் மூலமே மனிதன் சுகம் பெறுகின்றான் என்பதே இத்துறையின் அடிப்படைக் கருத்து.

இக்கருத்து நோயாளிகளின் அனுபவத்திலிருந்தும் பிறந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஜோர்ஜ் பார்ட்டன் காசநோயாலும் பாதத்தில் நேர்ந்த இழப்பாலும் ஒரு பக்கப் பாரிசவாதத்தாலும் முடங்கியவர். தோட்டவேலையும் தச்சுவேலையுமே அவரை மீண்டும் எழுப்பின. 1917 மார்ச்சில் நியூயோர்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிறிங்ஸில் இருந்த அவருடைய இல்லத்திலேயே இத்துறையின் முதற் சங்கம் உருவாயிற்று. 1922 இல் மனநல மருத்துவர் அடோல்ஃப் மேயர், வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகியவற்றின் ஒழுங்கான சுழற்சியே வாழ்வின் சமநிலை என எழுதினார்.

முகாமில் வாழ்ந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விடியமுன் வயலுக்குப் போனவர் நிவாரணத்துக்கு வரிசையில் நின்றார். விதைநெல்லைப் பார்த்துப் பார்த்துக் காத்தவர் மற்றவர் அளந்து தந்த அரிசியை வாங்கினார். உடலில் காயமேதும் இல்லாதவர்களும் அங்கே சோர்ந்து போனதை நாம் கண்டோம். செய்ய வல்லவரைச் செய்யவிடாது சூழ்நிலை தடுப்பதும் நோய்க்குக் காரணமாகும் என்பதை அவுஸ்திரேலியாவின் ஆன் வில்கொக் 1998 இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். தமக்கு அர்த்தமுள்ள தொழிலில் ஈடுபடுவது மனித உரிமை என உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனம் 2006 இல் அறிவித்தது.

எமது கமக்காரரிடம் பின்னர் வந்த சிகிச்சையாளர் முதலிற் கேட்ட கேள்வி, "காலமை எழும்பினா என்ன செய்ய விருப்பம் ஐயா?" என்பதே. "தண்ணி மாறவேணும்" என்றார் அவர். சிகிச்சை அதிலிருந்தே தொடங்கியது. பொய்க்காலுடன் வரம்பில் நடக்கப் பழக்கினார். ஒரு வரம்பு அகலமாக்கப்பட்டது. மண்வெட்டியின் பிடி நீளமாக்கப்பட்டது. மலசலகூடத்தில் பிடித்து எழும்ப ஒரு தடி பூட்டப்பட்டது. மனிதரை மட்டுமன்றி, கருவியையும் இடத்தையும் மாற்றலாம் என்பதை நாம் அன்றுதான் கற்றோம்.

ஜெய்ப்பூர் காலின் கதையும் இதுவே. சப்பாத்து அணிவோருக்கெனச் செய்யப்பட்ட மேல்நாட்டுப் பொய்க்காலோடு குந்தியிருக்கவோ சேற்றில் இறங்கவோ முடியவில்லை. நம்மவர் எப்படி இருக்கின்றார்கள், எப்படி நடக்கின்றார்கள் என்பதைப் பார்த்தே 1968 இல் கைவினைஞர் ராம் சந்திராவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் புதிய பாதத்தை உருவாக்கினர். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 இல் தொடங்கியது.

இத்துறையின் ஒழுக்கநெறியும் அந்த முதற் கேள்வியிலிருந்தே கிளைக்கின்றது. செய்யப்போவதை நோயாளிக்கு விளங்கும் மொழியில் சொல்லி, அவருடைய சம்மதத்தைப் பெறவேண்டும். அவர் வேண்டாம் என்றால் அதை மதிக்கவேண்டும். மலசலம் கழிப்பது பற்றிய கேள்வியை அயலவர் கேட்க வினவலாகாது. இழந்த உறுப்பைப் படம்பிடித்து அறிக்கையில் இடுவது சம்மதமின்றி நடந்தால் அதுவும் மீறலே. இதில் எம்போன்ற தொண்டர்கள் குற்றமற்றவர்கள் அல்லர். நிறைவேற்ற முடியாததை வாக்களிப்பதும், தமக்குத் தெரியாத வைத்தியத்தில் கைவைப்பதும் தவறாகும்.

"ஒருவர் இருநூறு பேரைப் பார்க்கவேண்டியுள்ளபோது ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?" எனச் சிலர் வினவலாம். மணல் ஒழுங்கையில் உருளாத சக்கர நாற்காலியும் எமது பெட்டிக்கடையும் கேளாமற் செய்ததால் வீணானவையே. கேட்பதென்றால் சிகிச்சையாளர் வாய்மூடியிருப்பதென்று பொருளன்று. ஈரத்தில் நெடுநேரம் நின்றால் எஞ்சிய காலில் புண் வரலாம் என்பதை அவர் சொல்லியே ஆகவேண்டும். ஆயினும் கேட்டறிந்தபின் முடிவெடுப்பவர் காலுக்குரியவரே.

வீட்டாருக்கும் இது பொருந்தும். கை விளங்காத தாயை அடுப்படிக்கு விடாமற் தடுப்பது அன்பினாலேதான். ஆனால் அவர் ஒரு கையால் தேங்காய் துருவ வழிசெய்து கொடுப்பதே மேலான அன்பு.

எனவே, எமது மக்களுக்கு ஒன்று கூறுவோம். உதவி கொண்டு வருபவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். முன்பு என்ன செய்தீர்கள், இப்போது எதைச் செய்ய முடியவில்லை, எதை முதலிற் செய்ய விரும்புகின்றீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். எமது திட்டத்தோடு நாம் வந்தாலும் இதையே செய்யுங்கள். பெறுபவர் கேட்பது நன்றிகெட்டதனமன்று. எமது கண் திறந்ததும் அவ்வாறான ஒருவருடைய பேச்சினாலேயே.