"தெரிவி" என்றால் போதாதா?

வண்டி இன்ஷூரன்ஸ் பத்திரத்தைப் புரட்டினால் "இன்டிமேட்" என்ற இங்கிலீஷ் வார்த்தை கண்ணில் படும். வண்டி திருட்டுப் போனால் கம்பெனிக்கு உடனே "இன்டிமேட்" செய்ய வேண்டுமாம்.

பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. "தெரிவி" என்று அர்த்தம். அவ்வளவுதான்!

ஆனால், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்கும் பிள்ளையிடம் கேட்டால் அதுவும் திகைக்கும். அது படித்த வார்த்தை நெருங்கிய சிநேகிதரைக் குறிப்பது. எழுத்து ஒன்றுதான். உச்சரிப்பு வேறு. சிநேகிதர் என்றால் "இன்டிமட்" என்று குறுக்க வேண்டும். தெரிவிப்பது என்றால் "மேட்" என்று நீட்ட வேண்டும். இங்கிலாந்துக்காரர்களோ, ஜாடையாகச் சொல்வதற்கே பெரும்பாலும் இதை வைத்திருக்கிறார்கள். நம் நாட்டு ஆபீசுகளில்தான் அது நேராகத் தெரிவிப்பது ஆகிவிட்டது.

இந்தத் "தெரிவிப்பு" சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. 2010-ல் ஒருவருடைய டிராக்டர் திருட்டுப் போயிற்று. அன்றே போலீசில் புகார் கொடுத்தார். கம்பெனிக்குச் சொன்னதோ ஒரு மாதத்துக்கு மேல் கழித்து. "தாமதம்" என்று கூறிக் கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது. போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்புதான். அதற்கு ஏறக்குறைய பத்து வருஷம் ஆயிற்றே!

தீர்ப்பு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. போலீசுக்குச் சொன்ன கையோடு கம்பெனிக்கும் சொல்லிவிட வேண்டும். தமிழிலேயே எழுதலாம். இங்கிலீஷில்தான் எழுத வேண்டுமென்றால் "இன்பார்ம்" என்ற எளிய வார்த்தை போதும். "இன்பார்ம் மீ" என்பதே சரி. நடுவில் "டு" போட்டு "இன்பார்ம் டு மீ" என்று எழுதுவது பிழை. "இன்டிமேட்" என்று எழுதினால்தான் ஆளுக்கு முன்னால் "டு" வரவேண்டும். இந்தத் தொல்லை எதற்கு?

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-ல் வந்தது. அது ராஜ்ய சர்க்கார் ஆபீசுகளுக்கு. பத்திரம் எழுதும் கம்பெனிகளை யார் கேட்பது?

"வண்டி திருட்டுப் போனால் போலீசுக்கும் எங்களுக்கும் உடனே சொல்லுங்கள்" என்று முதல் பக்கத்தில் தமிழில் ஒரு வரி, அதன் கீழே டெலிபோன் நம்பர். இதைப் போட்டால் கம்பெனி ஏழையாகிவிடுமா?