ராமபாணமும் கத்தியும்

ஓலைச்சுவடியைத் துளைக்கும் பூச்சிக்குத் தமிழில் ராமபாணம் என்று பெயர். வழியில் வருவது வெண்பாவா வைத்தியமா என்று அது பார்ப்பதில்லை, துளைத்துக்கொண்டே போகும்.

அதே வேலையைக் கையில் கத்தியோடு, கண்ணைத் திறந்துகொண்டு செய்கிற கலைஞர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பிரையன் டெட்மர், பழைய கலைக்களஞ்சியத்தை மூடியபடியே வைத்து ஓரங்களில் வார்னிஷ் பூசி இறுக்கிவிடுவார். பிறகு மேலிருந்து தாள் தாளாகக் கீறி இறங்குவார். வேண்டிய படத்தையும் சொல்லையும் விட்டுவிட்டு மற்றதை இடுக்கியால் கிள்ளி எடுப்பார். புதிதாக எதையும் ஒட்டுவதில்லை, எதையும் இடம் மாற்றுவதுமில்லை. கனடாவின் கீ லாராமே தடித்த தொகுதிகளை மலையும் பள்ளத்தாக்குமாகச் செதுக்குகிறவர். 244 ஆண்டுகள் அச்சில் வந்த பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் 2012இல் அச்சை நிறுத்தியது. அதன் தொகுதிகளும் அவர் உளிக்குத் தப்பவில்லை. மேகமலை ஏறும் வழியில் வண்டியை நிறுத்திக் கீழே எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிற்பங்கள் அந்நியமாகத் தெரியாது.

கேட்டதும் பதறத்தான் செய்யும். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் இது. ஆனால் பரீட்சை முடிந்த மறுவாரமே அதே வீட்டுப் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறிவிடும். கத்தி பிடித்தவனைத் திட்டுவதற்கு முன் அந்தத் தராசையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

இந்தக் கலை தமிழர் வாழ்வை நேராகத் தொட்ட இடம் ஒன்று உண்டு. 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. சிங்களக் கலைஞர் கிங்ஸ்லி குணத்திலக்க அந்த நினைவிலிருந்து புத்தகங்களைக் கருக்கினார், குடைந்தார், உள்ளே சின்னஞ்சிறு உருவங்களை நிறுத்தினார். டெட்மரின் கைநேர்த்தியைவிட இதுவே இவ்விதழுக்குப் பெரிதாகப் படுகிறது. அங்கே அறுபட்ட தாள் அழகுக்காக அறுபடவில்லை. நடந்ததற்குச் சாட்சியாக நிற்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கிலும் உளி வேலை பார்த்திருக்கிறது, ஆனால் எழுத்தை அழிக்க அல்ல. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளில் பெரியவை ராஜசிம்மன் காலத்தவை. மதுரையில் சங்கம் வைத்ததும் பாரதம் தமிழுக்கு வந்ததும் அந்தச் செம்பில் வெட்டப்பட்ட செய்திகள். அதே சின்னமனூரின் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னால் சுமந்தவர் சி.சு. செல்லப்பா. 1959இல் 'எழுத்து' சிற்றிதழைத் தொடங்கினார். தாமே பதிப்பித்த நூல்களை மூட்டை கட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். செம்பு ஆயிரம் ஆண்டு தாங்கிவிட்டது. சிற்றிதழ்த் தாளோ அறுபது ஆண்டிலேயே தொட்டால் உதிர்கிறது.

வம்பு இங்கேதான். பிரிட்டானிகாவில் ஒரு தொகுதியைக் குடைந்தால் இன்னும் ஆயிரம் பிரதிகள் எங்காவது இருக்கும். சில நூறு படிகள் மட்டுமே அச்சான தமிழ்ச் சிற்றிதழில், கத்தி இறங்குகிற பிரதி கடைசிப் பிரதியாகவே இருக்கலாம். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த விளம்பரப் பலகை ஓவியர் ரோஜா முத்தையாவுக்கு இது தெரிந்திருந்தது. பழைய நூல், இதழ், நோட்டீஸ் எதையும் விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது சேர்ந்திருந்தவை சுமார் ஒரு லட்சம். 1994இல் சென்னையில் அவர் பெயரில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகத்துக்கு அதுவே அடித்தளம். தூரிகை பிடித்த ஒரு கை செய்த வேலை இது.

காலாவதியான டெலிபோன் டைரக்டரியையும் பழைய பரீட்சைக் கைடையும் தேனி, போடி, கம்பத்துப் பிள்ளைகள் தாராளமாகச் செதுக்கட்டும். கண்காட்சி வைத்தால் முதல் ஆளாக இவ்விதழ் வந்து நிற்கும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய சிற்றிதழோ நாடக நோட்டீஸோ உள்ளூர் அச்சகத்தில் அடித்த சிந்துப் புத்தகமோ கிடந்தால் மட்டும், தராசில் வைக்கும் முன் ஆசிரியர் குழுவுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டுக்கே ஆள் வரும்.