111 நாடுகளுக்கு வாக்கில்லாத உலக விருது

உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் பாலன் டி'ஓர் விருதின் தேர்வுக் குழுவை 2022இல் பிரான்ஸ் ஃபுட்பால் இதழ் சுருக்கியது. அதற்கு முன்பு 150க்கும் மேற்பட்ட நாடுகளின் பத்திரிகையாளர்கள், நாட்டுக்கு ஒருவராக வாக்களித்து வந்தனர். புதிய விதிப்படி ஃபிஃபா தரவரிசையில் முதல் 100 இடங்களில் உள்ள நாடுகளுக்கு மட்டுமே ஆடவர் விருதில் வாக்கு உண்டு. மகளிர் விருதில் அது முதல் 50 நாடுகளோடு நின்றுவிடுகிறது. ஃபிஃபாவின் உறுப்பு நாடுகள் 211. அதாவது, உலக விருது என்று சொல்லிக்கொள்ளும் ஒன்றில் 111 நாடுகளுக்குக் குரல் இல்லை. இந்த விதி திரும்பப் பெறப்பட வேண்டும்.

அதே ஆண்டில் செய்யப்பட்ட மற்ற மாற்றங்களில் நமக்குக் குறை இல்லை. ஜனவரி முதல் டிசம்பர் வரை என்ற கணக்கை விட்டு, ஆகஸ்டில் தொடங்கும் ஐரோப்பியப் பருவத்தைக் கணக்கில் எடுத்தது சரி. வீரரின் தனித் திறனே முதல் அளவுகோல், அணி வென்ற கோப்பைகள் அடுத்ததுதான் என்று தெளிவாக்கியதும், பழைய புகழுக்கு மதிப்பெண் இல்லை என்றதும் வரவேற்கத்தக்கவையே. அவற்றோடு சேர்ந்து வந்த ஒரே காரணத்தால் தேர்வுக் குழுவைச் சுருக்கியதும் சீர்திருத்தக் கணக்கில் வந்துவிட்டது. இந்த விருதின் வரலாற்றை அறிந்தவர்கள் அதை அப்படி ஏற்க முடியாது.

விருது 1956இல் பிறந்தது. பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேப்ரியல் ஆனோவும் அவருடைய சகாக்களும் அதைத் தொடங்கினர். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி அவர்களுடைய முயற்சியால் உருவாகியிருந்தது. ஐரோப்பிய நாட்டுக் குடியுரிமை உள்ளவர்களே போட்டியில் இருக்கலாம், ஐரோப்பியப் பத்திரிகையாளர்களே வாக்களிப்பார்கள் என்பது விதி. முதல் விருதைப் பெற்றவர் இங்கிலாந்தின் பிளாக்பூல் அணிக்கு ஆடிய ஸ்டான்லி மேத்யூஸ். வயது 41. ரியல் மாட்ரிட்டின் ஆல்ஃபிரடோ டி ஸ்டெஃபனோ 44 புள்ளிகள் பெற, மேத்யூஸ் 47 பெற்றார். அந்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியின் உயிர்நாடி டி ஸ்டெஃபனோ. ஆனால் வாக்களித்தவர்கள் மேத்யூஸின் வாழ்நாள் ஆட்டத்துக்கு மரியாதை செய்தார்கள். இதில் எந்தத் தவறும் இல்லை. ரசனைக்கு வாக்குரிமை கொடுத்தால் முடிவு இப்படித்தான் அமையும்.

1958 வேறு கதை. ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பைக்கு பிரேசிலின் 17 வயது பெலே வந்திறங்கினார். அரையிறுதியில் பிரான்ஸை எதிர்த்து மூன்று கோல்கள், ஆட்டம் 5-2. இறுதிப் போட்டியில் ஸ்வீடனை எதிர்த்து இரண்டு, அதுவும் 5-2. அந்த இரண்டில் முதல் கோலைப் பதிவில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெனால்டி பகுதிக்குள் வந்த பந்தை நெஞ்சில் வாங்குகிறார். மறிக்க வந்த தடுப்பாட்டக்காரரின் தலைக்கு மேலே தூக்கிப் போடுகிறார். அவரைச் சுற்றிக்கொண்டு ஓடி, பந்து தரையைத் தொடுவதற்குள் வலைக்குள் அடிக்கிறார். ஐரோப்பிய மண்ணில், ஐரோப்பியப் பத்திரிகையாளர்களின் கண்ணெதிரே நடந்தது இது. அந்த ஆண்டின் பாலன் டி'ஓர், பெலேயின் அணியிடம் அரையிறுதியில் தோற்ற பிரான்ஸ் அணியின் ரெமோன் கோபாவுக்குப் போனது. கோபா மகத்தான ஆட்டக்காரர். அவர் மீது ஒரு சொல் குறை கூற இடமில்லை. ஆனால் பெலேயின் பெயரை எழுத வாக்காளர்களுக்கு அனுமதியே இல்லை.

குடியுரிமை என்ற அந்த வேலியும் நேர்மையாகப் போடப்பட்டதல்ல. டி ஸ்டெஃபனோ அர்ஜென்டினாவில் பிறந்தவர். ஸ்பெயின் குடியுரிமை பெற்றிருந்ததால் 1957இலும் 1959இலும் விருது வாங்கினார். 1961இல் வாங்கிய ஒமர் சிவோரியும் அர்ஜென்டினாவில் பிறந்து இத்தாலியரானவர். போர்ச்சுக்கல் ஆண்ட மொசாம்பிக்கில் பிறந்த யூசேபியோ, போர்ச்சுக்கல் அணியின் வீரராக 1965இல் வென்றார். ஆக, தென் அமெரிக்கக் கால்களும் ஆப்பிரிக்கக் கால்களும் பட்டியலில் இருந்தன. பாஸ்போர்ட் மட்டும் ஐரோப்பியமாக இருக்க வேண்டியிருந்தது.

1950களில் அட்லான்டிக்கைத் தாண்டி ஆட்டம் பார்க்க வழி இல்லை என்ற சமாதானத்தை ஏற்கலாம். பெலே ஆடிய சான்டோஸ் நகரில் சனிக்கிழமை என்ன நடந்தது என்று பாரிஸில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அர்ஜென்டினாவின் மரடோனா விஷயத்தில் அந்தச் சமாதானமும் செல்லாது. 1982 முதல் பார்சிலோனாவிலும், 1984 முதல் நாப்போலியிலும் ஆடியவர் அவர். வாராவாரம் இத்தாலிய மைதானங்களில் அவரைப் பார்த்து எழுதியவர்களும் வாக்காளர்களில் இருந்தார்கள். 1986 ஜூனில் மெக்சிகோ நகரின் அஸ்டெகா மைதானத்தில், தன் பாதிக் களத்திலிருந்து பந்தை எடுத்து இங்கிலாந்து அணியைக் கிழித்துக்கொண்டு போய் அவர் அடித்த கோல் உலகத்துக்கே தெரியும். ஒற்றை ஆளாக அணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கோப்பையை வென்றார் என்று இன்றும் பேசுகிறோம். அந்த ஆண்டு பாலன் டி'ஓர் பெற்றவர் டைனமோ கீவ் அணியின் இகோர் பெலானோவ், 84 புள்ளிகளுடன். ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையை வென்ற அணியின் முன்கள வீரர். உலகக் கோப்பையில் பெல்ஜியத்தை எதிர்த்து மூன்று கோல் அடித்தும் அணி தோற்றுப்போன துரதிர்ஷ்டசாலி. அவருக்கு நடந்ததும் ஒருவகை அநீதிதான். தகுதியோடு வாங்கிய விருதின் மீது, மரடோனா போட்டியில் இல்லையே என்ற வாக்கியம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

விதி மாறியது 1995இல்தான். எந்த நாட்டவராக இருந்தாலும் ஐரோப்பிய அணிக்கு ஆடினால் போதும் என்றார்கள். கதவைத் திறந்த முதல் ஆண்டிலேயே உள்ளே வந்தவர் லைபீரியாவின் ஜார்ஜ் வேயா. மன்ரோவியாவின் கிளாரா டவுன் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணிக்காக அந்தப் பருவத்தின் சாம்பியன்ஸ் லீகில் 7 கோல் அடித்து முதலிடம் பிடித்து, பிறகு ஏ.சி. மிலானுக்குப் போனார். முதல் வாய்ப்பிலேயே ஓர் ஆப்பிரிக்கர் வென்றார் என்றால், அதற்கு முந்தைய 39 ஆண்டுகளில் எத்தனை பேரைப் பெயர் சொல்லக்கூட விடாமல் தடுத்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இன்றுவரை விருது வென்ற ஒரே ஆப்பிரிக்க நாட்டு வீரரும் அவரே. 2007இல் உலகின் எந்த அணிக்கு ஆடுபவரும் தகுதி பெற்றார். வாக்களிப்போரும் முதன்முறையாக உலகம் முழுவதிலிருந்தும் வந்தனர்.

பெண்களுக்கு இந்த விருது கிடைக்க 2018 வரை ஆனது. 62 ஆண்டுகள். முதல் விருதைப் பெற்றவர் நார்வேயின் ஆடா ஹெகர்பெர்க்; அப்போது வயது 23. பாரிஸ் மேடையில் கோப்பையோடு நின்றவரிடம், இடுப்பை ஆட்டி ஆடத் தெரியுமா என்று தொகுப்பாளர் கேட்டார். இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு அவர் திரும்பினார். தொகுப்பாளர் பிறகு மன்னிப்புக் கேட்டார். வரலாற்றில் முதன்முறையாக மேடையேறிய ஒரு விளையாட்டு வீராங்கனைக்குக் கிடைத்த முதல் கேள்வி வரிசையில் அதுவும் இருந்தது என்பது, விதியில் கதவைத் திறந்தால் மட்டும் போதாது என்பதைக் காட்டியது. ஆடவருக்கு இணையான எண்ணிக்கையில் மகளிருக்கும் விருதுகள் வழங்கப்பட்டது 2025இல்தான்.

இந்த வரலாற்றில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாக்காளர்களின் சாய்வு ஒன்று, விதியின் சாய்வு இன்னொன்று. கோல் அடிப்பவர்களையே வாக்காளர்களுக்குப் பிடிக்கிறது. கோல்கீப்பர்களில் 1963இல் சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷின் ஒருவரே இதுவரை வென்றிருக்கிறார். 1996இல் ஜெர்மனியின் மத்தியாஸ் சாமர் 144 புள்ளி பெற்றார். பிரேசிலின் ரொனால்டோ 143. ஒரே ஒரு புள்ளி. ரொனால்டோ ரசிகர்கள் இன்றும் ஆதங்கப்படலாம். அது விவாதம், விவாதம் இருக்கும்வரை விருதுக்கு உயிர் இருக்கும். ஆனால் இன்னார் போட்டியிடக் கூடாது, இன்னார் வாக்களிக்கக் கூடாது என்று விதியே சொன்னால் அங்கே விவாதத்துக்கு இடமில்லை. பாலன் டி'ஓருக்கு உண்மையான களங்கம் வந்ததெல்லாம் இரண்டாவது வழியில்தான். 1995, 2007, 2018 என்று மெல்ல மெல்லத் துடைத்த அந்தக் களங்கத்தை 2022இல் மீண்டும் பூசிக்கொண்டார்கள்.

தேர்வின் தரத்தைக் கூட்டவே குழு சுருக்கப்பட்டது என்கிறார்கள். நாட்டின் அணி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதற்கும், அந்த நாட்டுப் பத்திரிகையாளர் ஆட்டத்தை எப்படிப் பார்க்கிறார் என்பதற்கும் என்ன தொடர்பு? இந்திய அணி இப்போது நூறு இடங்களுக்கு வெளியே நிற்கிறது. அதற்குக் காரணங்கள் ஆயிரம். ஆனால் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களை நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குக் கண்விழித்துப் பார்த்து, விடிந்ததும் அலசி எழுதும் விளையாட்டுச் செய்தியாளர்கள் சென்னையிலும் கொல்கத்தாவிலும் கோழிக்கோட்டிலும் இருக்கிறார்கள். மகளிர் விருதிலும் இதே நிலை. 2025 ஜூலையில் தாய்லாந்தை 2-1 என்று அதன் மண்ணிலேயே வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற இந்திய மகளிர் அணி, தரவரிசையில் 50க்கு வெளியே இருப்பதால் நம் நாட்டுக்கு அங்கும் வாக்கில்லை. இந்தியாவை விடுங்கள். லைபீரியாவும் நூறுக்கு வெளியேதான். ஆப்பிரிக்காவுக்கு இந்த விருதைக் கொண்டுவந்த ஒரே மனிதரின் நாட்டுக்கு இன்று இந்த விருதில் வாக்கு இல்லை. இதற்கு மேல் இந்த விதியின் தவறை விளக்க வேண்டியதில்லை.

சிறிய நாடுகளின் பத்திரிகையாளர்கள் யாருக்கோ வாக்களித்து முடிவைக் கெடுத்துவிடுவார்கள் என்ற அச்சமும் ஆதாரமற்றது. முதல் 30 பேர் பட்டியலைத் தயாரிப்பது பாரிஸில்தான். வாக்காளர் அதற்குள்ளிருந்தே தேர்வு செய்கிறார். யார் யாருக்கு வாக்களித்தார் என்பதும் பெயரோடும் நாட்டோடும் வெளியாகிறது. பொறுப்பில்லாமல் வாக்களிக்கும் தனி நபரை நீக்க வழி இருக்கும்போது நாட்டையே நீக்குவது ஏன்?

உண்மையில் குழு சிறுத்தால்தான் ஆபத்து கூடும். 2024 முதல் ஒவ்வொரு வாக்காளரும் பத்துப் பேரை வரிசைப்படுத்துகிறார். முதலிடத்துக்கு 15 புள்ளி, பத்தாம் இடத்துக்கு 1. அந்த ஆண்டு ரோட்ரி 1170 புள்ளியும் வினிசியஸ் ஜூனியர் 1129 புள்ளியும் பெற்றார்கள். இடைவெளி 41. மூன்று பேரின் முதலிட வாக்கு 45 புள்ளி. நூறு பேர் கொண்ட குழுவில் மூன்று பேரின் விருப்பு வெறுப்பு விருதையே இடம் மாற்றிவிடும். இருநூறு பேர் இருந்தால் அதே மூன்று பேரின் கனம் பாதியாகும். வினிசியஸ் தோற்றது தெரிந்ததும் அவருடைய அணியான ரியல் மாட்ரிட்டின் நிர்வாகம் விழாவுக்கு வராமல் புறக்கணித்தது கண்ணியமற்ற செயல். ரோட்ரியின் விருதில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அப்படிப்பட்ட சந்தேகக் குரல்களுக்கு விரிந்த குழுதான் சரியான பதிலாக இருந்திருக்கும்.

விரிவாக்கம் எதுவானாலும் நல்லது என்றும் நாம் சொல்ல வரவில்லை. 2010 முதல் 2015 வரை ஃபிஃபாவின் விருதோடு இணைந்திருந்தபோது, பத்திரிகையாளர்களோடு தேசிய அணிகளின் கேப்டன்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வாக்கு இருந்தது. சக வீரருக்கும் நண்பருக்கும் வாக்குகள் போயின. 2010இல் இன்டர் மிலானோடு மூன்று கோப்பைகள் வென்று, நெதர்லாந்தை உலகக் கோப்பை இறுதிவரை கொண்டுபோன வெஸ்லி ஸ்னைடர், பத்திரிகையாளர்களின் வாக்கில் முதலிடத்தில் இருந்தார். மொத்தத்தில் நான்காம் இடத்துக்குப் போனார். 2013இல் வாக்களிப்புக்கான கெடு முடிந்த பிறகு அதை நீட்டித்தார்கள். இடையில் கிறிஸ்டியானோ ரொனால்டோ ஸ்வீடனை எதிர்த்து மூன்று கோல் அடித்தார். விருது அவருக்குப் போனது. ஆட்டத்தில் பங்கில்லாத பார்வையாளரின் கண்ணே தேவை என்பதைத்தான் அந்த ஆறு ஆண்டுகள் காட்டின. எனவே நாட்டுக்கு ஒரு பத்திரிகையாளர் என்ற பழைய முறையே போதும். எல்லா நாட்டுக்கும் அது வேண்டும்.

இன்னொரு பழைய கணக்கும் தீர்க்கப்பட வேண்டும். விருதின் 60ஆம் ஆண்டையொட்டி பிரான்ஸ் ஃபுட்பால் தானே ஒரு மறுமதிப்பீடு செய்து வெளியிட்டது. எல்லா நாட்டவரும் போட்டியில் இருந்திருந்தால் பெலேவுக்கு ஏழு விருதுகள், மரடோனாவுக்கு 1986இலும் 1990இலும் இரண்டு, கரிஞ்சாவுக்கும் கெம்பெஸுக்கும் ரொமாரியோவுக்கும் ஒவ்வொன்று என்றது. ஆனால் அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஒரு வரியும் மாறவில்லை. இதழின் பக்கத்தில் ஒப்புக்கொண்டதைப் பதிவேட்டில் ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது? கோபாவிடமிருந்தோ பெலானோவிடமிருந்தோ எதையும் பிடுங்க வேண்டாம். அவர்கள் பெயருக்கு அருகிலேயே இன்னொரு பெயரைச் சேர்த்தால் போதும். 2020இன் வெற்றிடத்துக்கும் இதுவே பொருந்தும். கொரோனாவைக் காரணம் காட்டி ஜூலையிலேயே விருதை ரத்து செய்தார்கள். ஆகஸ்டில் பயர்ன் மியூனிக் சாம்பியன்ஸ் லீகை வென்றது. அதில் 15 கோல், ஜெர்மன் லீகில் 34 கோல் அடித்த ராபர்ட் லெவண்டோவ்ஸ்கி வெறுங்கையோடு நின்றார். அடுத்த ஆண்டு விருது வாங்கிய மெஸ்ஸியே, 2020இன் விருதை அவருக்குக் கொடுங்கள் என்று மேடையில் கேட்டுக்கொண்டார்.

2024 முதல் விழாவை பிரான்ஸ் ஃபுட்பாலோடு சேர்ந்து நடத்துவது ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யுஇஎஃப்ஏ. விருது மீண்டும் ஐரோப்பியச் சொத்தாகிவிடுமோ என்ற கேள்வி இதனால் எழுவது இயல்பு. அந்தக் கேள்விக்கு அறிக்கையால் பதில் சொல்ல முடியாது. அடுத்த தேர்வுக் குழு அமைக்கப்படும் முன் தரவரிசை நிபந்தனையை நீக்கி, வாக்களிக்கத் தயாராக உள்ள எல்லா உறுப்பு நாடுகளின் பத்திரிகையாளர்களையும் ஆடவர், மகளிர் என்ற இரு விருதுகளுக்கும் அழைக்க வேண்டும். 1956 முதல் 1994 வரையிலான பட்டியலில் மறுமதிப்பீட்டில் தேர்வான பெயர்களைச் சேர்க்க வேண்டும். 2020க்கான வாக்கெடுப்பை அந்தப் பருவத்தின் ஆட்டங்களை வைத்து இப்போதாவது நடத்த வேண்டும்.